பெத்சாயிதா எங்கே: எட்-டெல்லா, எல்-அராஜா?

ஈசூன் செல்வி:
வணக்கம். அடுத்த மாதம் எங்கள் சபையின் வேதபாடக் குழுவில் பெத்சாயிதா பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும். பேதுரு, அந்திரேயா, பிலிப்பு மூவருக்கும் அதுதான் ஊர் என்கிறது யோவான் 1:44. வரைபடத்தில் தேடினால் கலிலேயாக் கடலின் வடக்கே எட்-டெல், எல்-அராஜ் என்று இரண்டு இடம் காட்டுகிறது. தோண்டிய இரண்டு குழுவுமே "எங்களுடையதுதான்" என்கின்றன. போதாததற்கு "பேதுருவின் வீடு கண்டுபிடிப்பு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி சுற்றுகிறது, குழுவில் பாதிப் பேர் பார்த்தாச்சு.

ஸ்லைடில் எந்த இடத்தைப் போடுவது? வீடு கிடைத்தது என்று சொல்லலாமா? இவ்வளவு சண்டை எதற்கு, நிலத்தடி ரேடாரை ஓட்டி முடிவு கட்டிவிட முடியாதா?

மண்ணடுக்கு:
செல்வி, முதலில் கேள்வியைப் பிரியுங்கள். முதல் நூற்றாண்டில் அங்கே ஊர் இருந்ததா என்பது ஒன்று. அந்த ஊர்தான் பெத்சாயிதாவா என்பது வேறு. இன்ன வீடு பேதுருவுடையதா என்பது முற்றிலும் வேறு. முதலாவதற்குப் பானை ஓடு போதும். இரண்டாவதற்கு நில அமைப்பும் பழைய நூல்களும் ஒத்துவர வேண்டும். மூன்றாவதற்கு மண்ணிலிருந்து பதில் வராது.

எட்-டெல் பெரிய மேடு. 1838இல் எட்வர்ட் ராபின்சன் அதைத்தான் பெத்சாயிதா என்றார். 1987 முதல் ராமி அராவ் தலைமையில் தோண்டினார்கள். இரும்புக் காலக் கோட்டை வாசல் அபாரமாகக் கிடைத்தது. ஆனால் அது பேதுருவுக்குப் பல நூற்றாண்டு முந்தியது. ரோமர் காலத்துக்கு முற்றம் வைத்த வீடுகளும் மீன்வலைக் குண்டுகளும் உண்டு. சிக்கல் என்னவென்றால், ஏரிக்கரை அங்கிருந்து ஏறத்தாழ 2 கி.மீ. தள்ளி இருக்கிறது. ஏரியோரக் கிராமமான பெத்சாயிதாவை பிலிப்பு என்ற சிற்றரசர் நகரமாக்கி ஜூலியாஸ் என்று பெயரிட்டார் என்கிறார் யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ். எட்-டெல்லில் நகரம் என்று சொல்லும் அளவுக்கு ரோமர் காலக் கட்டடம் இல்லை. கோயில் என்று அவர்கள் காட்டும் அடித்தளத்தைப் பலர் ஏற்பதில்லை.

எல்-அராஜ் கரையோரத்திலேயே இருக்கிறது. மேலே கிடந்தவை பைசாந்தியக் காலத்தவை (ரோமர் காலத்துக்கு அடுத்தது) என்றும், ரோமர் காலத்தில் ஏரி மட்டம் -209 மீட்டரில் (அதாவது கடல் மட்டத்துக்கு 209 மீட்டர் கீழே) இருந்ததால் இடமே நீருக்குள் இருந்திருக்கும் என்றும் சொல்லி ஒதுக்கி வைத்திருந்தார்கள். 2016 முதல் மொர்தெகாய் அவியமும் ஸ்டீவன் நோட்லியும் தோண்டுகிறார்கள். 2017இல் பைசாந்தியத் தரைக்கு அடியில், சுமார் -211 மீட்டரில், ரோமர் கால அடுக்கு வந்தது. 1 முதல் 3ஆம் நூற்றாண்டுப் பானை ஓடுகள், ரோமப் பேரரசர் நீரோவின் வெள்ளிக்காசு ஒன்று (கி.பி. 65-66), சுவருக்குள் சூடான காற்றை ஏற்றும் சுடுமண் குழாய்கள். இந்தக் குழாய்தான் முக்கியம், பெரும்பாலும் ரோமர் பாணிக் குளியல் மண்டபத்தில்தான் அது இருக்கும். வெறும் மீனவக் குப்பமாக இருந்தால் அப்படி ஒரு மண்டபத்துக்கு வேலையும் இல்லை.

காசை மட்டும் நம்பாதீர்கள். 65இல் அச்சான காசு, அது கிடந்த மண் 65க்குப் பிறகு சேர்ந்தது என்று மட்டுமே சொல்லும். எலி வளை வழியாகக் கீழடுக்குக்கு இறங்கிய காசும் உண்டு. அதனால்தான் உடையாத தரைக்கு அடியில் அகப்பட்டதா என்று முதலில் கேட்பார்கள். வழக்கமாக 5 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, நடுவே 1 மீட்டர் மண்சுவரை வெட்டாமல் விடுவது அடுக்குகளைப் பக்கவாட்டில் படிக்கத்தான். மண்ணின் நிறமோ இறுக்கமோ மாறினால், ஓடுகளைப் போடும் கூடைக்குப் புது எண். அதை மறந்து இரண்டு அடுக்கின் ஓடுகளை ஒரே கூடையில் போட்டுவிட்டால் அந்தச் சதுரத்தின் காலக்கணக்கு போச்சு.

நூலக மேசை:
காணொளி எல்-அராஜில் கிடைத்த பைசாந்தியக் காலத் தேவாலயத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். 2022இல் அங்கே மொசைக் தரையில் ஒரு கிரேக்கக் கல்வெட்டு வெளிப்பட்டது. கான்ஸ்டன்டைன் என்ற கொடையாளி "பரலோக அப்போஸ்தலர்களின் தலைவரும் தளபதியுமானவரின்" பரிந்துரையை வேண்டுகிறார். பைசாந்திய எழுத்தாளர்களிடம் இது பேதுருவுக்கு உரிய பட்டம். கி.பி. 725 வாக்கில் வந்த யாத்ரீகர் வில்லிபால்டும் கப்பர்நகூமிலிருந்து பெத்சாயிதா போனதாகவும், பேதுரு, அந்திரேயாவின் வீடு இருந்த இடத்தில் தேவாலயம் நிற்பதாகவும் சொல்கிறார். அழகாகப் பொருந்துகிறது. ஆனால் இது பைசாந்தியர்கள் எதை நம்பினார்கள் என்பதற்குச் சான்று. பேதுருவுக்கும் அந்தத் தரைக்கும் நடுவே பல நூற்றாண்டு இடைவெளி.

குழுவுக்குப் புரிய நம்மூர் உதாரணமே போதும். சிங்கப்பூர் ஃபோர்ட் கேனிங் குன்றில் 1984இல் ஜான் மிக்சிக் தொடங்கிய அகழாய்வு 14ஆம் நூற்றாண்டுக் குடியிருப்பைக் காட்டியது. அதை வைத்து அங்கிருக்கும் கெராமாட் (புனிதக் கல்லறைத் தலம்) பழைய சிங்கப்பூர் அரசர் இஸ்கந்தர் ஷாவின் கல்லறைதான் என்று நிரூபணம் ஆகிவிடவில்லை.

ஜோசிஃபஸையும் கொஞ்சம் உதறித்தான் படிக்க வேண்டும். ஜூலியாஸ் என்பது சீசரின், அதாவது பேரரசர் அகஸ்டஸின், மகள் ஜூலியாவின் பெயர் என்கிறார். அகஸ்டஸ் அந்த மகளை கி.மு. 2இல் நாடு கடத்திவிட்டார். அகஸ்டஸின் மனைவி லிவியாவுக்கு ஜூலியா என்ற பெயர் வந்தது கி.பி. 14இல். எந்த ஜூலியா என்பதைப் பொறுத்து ஊர் நகரமான ஆண்டே மாறும்.

களிமண்:
ரேடார் விஷயம். காய்ந்த மணலில் பல மீட்டர் ஆழம் காட்டும் கருவி, ஈரக் களிமண்ணில் ஒரு மீட்டரைத் தாண்டுவதே கஷ்டம். களி மின்சாரத்தைக் கடத்துகிறது, அலை வழியிலேயே தேய்ந்துவிடும். காலாங் பக்கத்து மரீன் களிமண்ணில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. யோர்தான் முகத்துவாரமும் வண்டல்தான். காந்தமானி, அதாவது மண்ணின் காந்த வேறுபாட்டை அளக்கும் கருவி? அங்கே சுவரும் பசால்ட் கல், ஆறு அடித்துவந்த கல்லும் பசால்ட். எரிமலைக் கல் ஒவ்வொன்றும் தன் காந்தத்தோடு வெவ்வேறு பக்கம் திரும்பிக் கிடப்பதால் படம் முழுக்கப் புள்ளிதான். அப்படியே ஒரு சுவர் தெரிந்தாலும், அது எந்த நூற்றாண்டு என்று எந்தக் கருவியும் சொல்லாது.

தோண்டினாலோ தண்ணீர். ஏரி மட்டம் தாண்டக்கூடாத மேல் எல்லையான 'மேல் சிவப்புக் கோடு' -208.8, கீழ் எல்லையான கீழ்க் கோடு -213. ரோமர் அடுக்கு -211இல் என்றால் ஏரி நிரம்பும் ஆண்டில் குழியே முங்கும். மூலையில் ஒரு சேகரிப்புப் பள்ளம் வெட்டி, அதற்குள் துளையிட்ட வாளியை இறக்கி, சுற்றிலும் சரளை போட்டு, வாளிக்குள் மூழ்கு பம்பை வைக்க வேண்டும். பம்பை நேராக மண்ணில் வைத்து வேகமாக இழுத்தால் நுண்மணலும் சேர்ந்து வரும், குழிச்சுவர் அடியில் அரித்து மேலடுக்கு கீழே சரியும். அப்படிச் சரிந்த மண்ணில் கிடைத்த ஓட்டுக்குக் காலம் சொல்லவே கூடாது.

எட்-டெல் தரப்புக்கும் ஒரு வாதம் உண்டு. ஏரி முன்பு மேட்டுக்கு அருகில் வந்தது, நிலநடுக்கமும் வெள்ள வண்டலும் பின்னால் கரையைத் தள்ளிவிட்டன என்கிறார்கள். ஆனால் -211இல் மனிதர் புழங்கிய தரை இருக்கும்போது, ஏரி அதைவிடக் கீழே இருந்தாக வேண்டும். அந்த வாதத்துக்கு இது பெரிய அடி.

ஈசூன் செல்வி:
எல்லாருக்கும் நன்றி. அப்போ ஸ்லைடில் எல்-அராஜ் மட்டும் போடட்டுமா?

மண்ணடுக்கு:
இரண்டையும் போடுங்கள். எல்-அராஜுக்குக் கீழே "வலுவான வாய்ப்பு", எட்-டெல்லுக்குக் கீழே "நெடுநாள் ஏற்கப்பட்ட இடம், இன்று விவாதத்தில்". கரைக்கோட்டுக்குப் பக்கத்தில் "இன்றைய கரை" என்று எழுத மறக்காதீர்கள். 1932இல் வந்த தெகானியா அணைதான் ஏரி மட்டத்தை இப்போது கட்டுப்படுத்துகிறது, எழுதாவிட்டால் அந்தக் கோட்டைப் பேதுருவின் கரை என்று குழு நினைத்துக்கொள்ளும்.