லெட்டர்பாக்ஸ் பராமரிப்புக்குத் தோள்பையில் எவற்றை வைத்துக்கொள்வது?

சுவடுதேடி:

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக மற்றவர்கள் ஒளித்துவைத்த லெட்டர்பாக்ஸ்களை, அதாவது ஒரு முத்திரையும், தேடி வருவோர் தங்கள் முத்திரையைப் பதித்துச்செல்லும் பதிவேடும் கொண்ட சிறு பெட்டிகளைத் தேடி நடந்துவந்த நான், சென்ற ஆண்டு முதன்முறையாக என் கையால் செதுக்கிய முத்திரைகளுடன் ஐந்து பெட்டிகளை ஒரே மலைப்பாதையில் வைத்தேன். மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தபோது இரண்டில் நீர் புகுந்திருந்தது. ஒன்றில் பதிவேட்டின் தாள்கள் ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தன; மற்றொன்றில் முத்திரையின் ரப்பர் மரக்கட்டையிலிருந்து பெயர்ந்து தனியே கிடந்தது. என்னிடம் ஒரு கைக்குட்டையும் பேனாவும் மட்டுமே இருந்தன. பார்த்ததைக் குறித்துக்கொண்டு இறங்கி, அடுத்த வாரம் அதே ஏற்றத்தை மீண்டும் ஏறினேன்.

இனி அப்படி நேராமல், பழுதுபார்ப்புக்கென்று சிறு பை ஒன்றை நிரந்தரமாகத் தயார் செய்துவைக்க விரும்புகிறேன். எடை ஒரு கிலோவைத் தாண்டக் கூடாது. எவற்றை வைக்கலாம், எவை வீண் சுமை? வழியில் பிறருடைய பெட்டி பழுதாகிக் கிடந்தால் அதில் நான் எந்த அளவுக்குக் கைவைக்கலாம் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மைக்கறை:

நீங்கள் சொன்ன இரண்டு பழுதுகளுக்கும் காரணம் நீர்தான். ஆகவே நீரை வெளியே எடுக்க, மீண்டும் நுழையாமல் தடுக்க, அது கெடுத்தவற்றுக்கு மாற்று வைக்க என்ற மூன்று தேவைகளை வைத்தே என் பையை நான் அடுக்குகிறேன்.

முதல் தேவைக்கு, நீரை நன்றாக உறிஞ்சும் மைக்ரோஃபைபர் துணிகள் இரண்டு வேண்டும். ஒன்று வெளிப்புறச் சேற்றுக்கு, மற்றது உட்புறத்துக்கு. இரண்டையும் மாற்றிப் பயன்படுத்திவிடாதபடி வேறு வேறு நிறத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியைத் துடைத்தவுடன் மூடிவிட வேண்டாம். உட்சுவரில் தங்கும் மெல்லிய ஈரம் மூடியபின் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்து பதிவேட்டில் இறங்கிவிடும். துடைத்த பெட்டியைக் காற்றில் கால் மணி நேரம் கவிழ்த்துவைத்துவிட்டு, அந்த நேரத்தில் முத்திரையைக் கவனிப்பது என் வழக்கம்.

இரண்டாவது தேவையில்தான் பலர் தவறுகிறார்கள். நீர் புகுந்தால் பெட்டி விரிசல் விட்டிருக்கும் என்று எண்ணி டேப்பைச் சுற்றுகிறார்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை விரிசலே இல்லாத பெட்டிகள். மூடியின் உட்பக்கப் பள்ளத்தில் அமர்ந்திருக்கும் சிலிக்கோன் வளையத்தின் குறுக்கே ஒரு பைன் ஊசியோ மணல் துகளோ பையின் கிழிந்த ஓரமோ மாட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒரு மயிரிழை இடைவெளி வழியாகவே மழை உள்ளே வந்திருக்கும். ஆகவே ஒரு பழைய டூத் பிரஷும் நாலைந்து பல்குச்சிகளும் வைத்துக்கொள்ளுங்கள். வளையத்தைக் குச்சியால் மெல்ல நெம்பி எடுத்து, பள்ளத்தைப் பிரஷால் தேய்த்து, வளையத்தைத் துடைத்து முறுக்கின்றிப் பொருத்துங்கள். பிறகு ஒரு காகிதக் கீற்றை விளிம்பில் வைத்து மூடியைப் பூட்டி, கீற்றை இழுத்துப் பாருங்கள். நான்கு பக்கத்திலும் இறுக்கமாக நிற்க வேண்டும்; எந்தப் பக்கத்தில் வழுக்கிக்கொண்டு வருகிறதோ அந்தப் பக்கத்துப் பூட்டுக்காது (மூடியை மடக்கிப் பூட்டும் பட்டை) தளர்ந்துவிட்டது என்று பொருள். அருகில் ஓடை இருந்தால் இன்னும் நல்லது: உள்ளே ஒரு டிஷ்யூவை மட்டும் வைத்து மூடி ஐந்து நிமிடம் நீருக்குள் அமுக்கிப் பிடித்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை நம்பி இருந்துவிடாதீர்கள். 5 கிராம் பொட்டலம் மிகுந்த ஈரத்திலும் ஏறத்தாழ இரண்டு கிராம் நீரைத்தான் பிடித்துக்கொள்ளும். ஒரு தேக்கரண்டி நீர் என்பதே 5 கிராம். ஒழுகும் பெட்டியில் அது ஒரே நாளில் நிறைந்துவிட்டு, அதன்பின் வெறும் ஈரமான பொட்டலமாகக் கிடக்கும். நன்றாக மூடும் பெட்டியில் மிச்ச ஈரத்தை வாங்கிக்கொள்ள மட்டுமே அது பயன்படும்.

மூன்றாவது தேவைக்கு ஜிப் பைகள். மெல்லிய பை மடிப்பில் சீக்கிரம் கிழிந்துவிடும். உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) வைப்பதற்கென்று விற்கும் தடித்த வகையையே எடுங்கள். முத்திரைக்கு ஒன்று, பதிவேட்டுக்கு ஒன்று எனத் தனித்தனிப் பை இருந்தால்தான் முத்திரையில் ஒட்டியிருக்கும் மை தாளில் இறங்காது.

கல்லிடுக்கு:

மேலே நண்பர் டேப்பைப் பற்றிச் சொன்னதோடு பசையைப் பற்றியும் ஒன்று சேர்க்க வேண்டும். பெட்டியின் அடியைத் திருப்பிப் பாருங்கள்: முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன். சாதாரணப் பசை எதுவும் அதில் நிலைத்து ஒட்டாது. குழாய் குழாயாகத் தடவினாலும் காய்ந்தபின் தோலாக உரிந்துவரும். அந்த வகை பிளாஸ்டிக் கடும் குளிரில் முறிகின்ற தன்மை பெறுவதால், திரும்பத் திரும்ப மடங்கும் பூட்டுக்காதுகள்தான் முதலில் ஒடியும். காது ஒடிந்த பெட்டிக்கு மாற்றுப் பெட்டி ஒன்றே தீர்வு. டக்ட் டேப்பை ஒரு பென்சிலில் இரண்டு மீட்டர் அளவுக்குச் சுற்றி வைத்திருங்கள். அடுத்த முறை வரும்வரை தாக்குப்பிடிக்க வைப்பதற்கு மட்டும்.

ஆனால் பசையே வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் முத்திரைக்கு அது தேவை. ரப்பர், மரக்கட்டை இரண்டையும் முழுமையாக உலர்த்தி, இரு பரப்பிலும் காண்டாக்ட் சிமென்ட்டை மெல்லியதாகத் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத நிலைக்கு வந்தபின் சேர்த்து அழுத்த வேண்டும். ஈரமான மரத்தில் இது நிற்காது. அதனால் மலையில் ஒட்டுவதைவிட, மரக்கட்டையே இல்லாமல் தடித்த ரப்பரில் செதுக்குவது நல்லது என்பது என் கருத்து. முத்திரையைச் சுத்தம் செய்யத் தண்ணீரும் துணியும் போதும். பெட்ரோல், தின்னர் போன்றவை ரப்பரை உப்பச் செய்து, நுண்ணிய கோடுகளைக் கெடுத்துவிடும்.

மாற்றுப் பெட்டி கொண்டுபோவதானால் பழையதன் அளவிலேயே கொண்டுபோங்கள். ஒளிவிடத்தின் பொந்து பழைய பெட்டிக்கு ஏற்றது. விரலகலம் பெரிய பெட்டியை ஒருமுறை வலிந்து திணித்து, மேலே சாய்ந்திருந்த கல்லைப் பெயர்த்துவிட்டேன்; அந்த இடத்தையே கைவிட நேர்ந்தது. ஐந்து பெட்டியும் ஒரே அளவாக இருந்தால் ஒரு மாற்றே ஐந்துக்கும் போதும். அதற்குள்ளேயே மற்ற பொருள்களை அடைத்துக்கொண்டால் தனிப் பையும் வேண்டியதில்லை.

பழந்தாள்:

பதிவேட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பெட்டியையும் முத்திரையையும் மீண்டும் செய்துவிடலாம். வந்தவர்கள் பதித்துவிட்டுப் போன முத்திரைகளை மீட்க முடியாது. 1854ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டார்ட்மூரில் உள்ள கிரான்மியர் குளத்தருகே ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி வைத்த முதல் பெட்டி, வருவோர் தங்கள் பெயர் அட்டையை இட்டுச்செல்வதற்கான ஒரு கண்ணாடிப் புட்டிதான். அதில் முத்திரை கிடையாது; வந்து போனவரின் அடையாளம் மட்டுமே இருந்தது.

ஒட்டிக்கொண்ட தாள்களை மலையில் வைத்துப் பிரிக்க முயலாதீர்கள். ஈரத்தாள் நகம் பட்டாலே கிழியும். பதிவேட்டை அப்படியே ஒரு ஜிப் பையில் இட்டு, வீட்டுக்கு எடுத்துச்சென்று உடனே உறைபெட்டியில் வையுங்கள். ஈரத்தாளில் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். உறைநிலை அதை நிறுத்திவைக்கும். நேரம் கிடைக்கும்போது எடுத்து, பனி இளகியபின் பிரிந்துவரும் தாள்களுக்கிடையே மட்டும் உறிஞ்சுதாளைச் செருகி, அடிக்கடி மாற்றி, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். இதற்காகவே மாற்றுப் பதிவேடு ஒன்று பையில் எப்போதும் இருக்க வேண்டும். கம்பி ஊசி துருப்பிடித்துத் தாளை அரிக்கும் என்பதால் நூலால் தைத்ததாக இருக்கட்டும். பேனாவுக்குப் பதில் பென்சில் வையுங்கள்: பென்சில் எழுத்து நீரில் கரையாது. பூஞ்சை பிடித்ததைத் தொடுவதற்கு ஒரு ஜோடி கையுறையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுவடுதேடி:

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை எல்லாவற்றையும் மாற்றுப் பெட்டிக்குள் அடுக்கி நிறுத்துப் பார்த்தேன். 620 கிராம் வந்தது. காண்டாக்ட் சிமென்ட்டை வீட்டிலேயே வைத்துவிட்டேன். பிறர் பெட்டி பற்றிய கேள்வி மட்டும் நிற்கிறது.

மைக்கறை:

துடைப்பது, வளையத்தைச் சுத்தம் செய்வது, கிழிந்த பையை மாற்றுவது ஆகிய மூன்றையும் யாருடைய பெட்டிக்கும் தயங்காமல் செய்யலாம். பதிவேடு நிறைந்திருந்தால் பழையதை எடுத்துவிடாமல், அதனோடு சில தாள்களைச் சேர்த்துவையுங்கள். பெட்டியை மாற்றுவது, இடம் மாற்றுவது, முத்திரையை எடுத்துச்செல்வது ஆகியவை வைத்தவரின் சம்மதத்துடன் மட்டுமே. ஆகவே திறக்கும் முன் பெட்டி எந்தப் பக்கம் பார்த்து, எந்தக் கல்லின் கீழ் இருந்தது என்று ஒரு படமும், பழுதைக் காட்டும் மற்றொரு படமும் எடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள். இடம் தெரியும்படியான படத்தை மட்டும் பொதுவில் போட்டுவிடாதீர்கள்.