ஜப்பான் ஸ்கூலோட ஆன்லைன் கிளாஸ், பிள்ளைய என்னத்த காட்டலாம்?

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி பக்கம் ஒரு ஸ்கூல்ல எட்டாங்கிளாஸ் எடுக்கேன். ஜப்பான்ல ஒரு ஸ்கூல் பிள்ளையளோட சேந்து கடல் குப்பய பத்தி புராஜெக்ட் பண்ண சொல்லியிருக்காங்க, ஐநா 2015ல போட்ட 17 இலக்குல 4வது கல்வி, 14வது கடல், ரெண்டும் இதுல வருது. நம்ம பிள்ளைய கரையில கெடந்த நைலான் வலத்துண்டு, தெர்மாகோல்னு ஒரு சாக்கு பொறுக்கிட்டு வந்துட்டு, கூடவே நம்ம கடற்கரை கருப்பு மண்ண ஒரு பாட்டில்ல அடச்சி தபால்ல அனுப்பலாம்னு நிக்குதுவ. அனுப்பலாமா?

பதில் 1: ஐயோ டீச்சர், மண்ண மட்டும் அனுப்பாதீங்க! அதுல மோனசைட்னு ஒரு தாது இருக்கு, அதுக்குள்ள தோரியம், கதிர்வீச்சு உள்ள சாமான். போட்டோ எடுத்து காட்டுங்க, ஏன் கருப்பா இருக்குன்னு பிள்ளையளே சொல்லட்டும், இல்மனைட்டுங்கற கருப்பு தாதுன்னு. அதுவே நல்ல பாடம்.

பதில் 2: நேரத்த பாருங்க மொதல்ல. அங்க நம்மள விட மூன்றர மணிக்கூர் முன்ன, நமக்கு காலத்த 10னா அவங்களுக்கு மத்தியானம் ஒன்றர. சாப்பாட்டுக்கு அப்புறம் வச்சீங்கன்னா அங்க பிள்ளைய வீட்டுக்கு போயிருக்கும். போன வருசம் எங்க ஸ்கூல்ல இதே கூத்துதான், காலி பெஞ்ச பாத்து வணக்கம் சொன்னோம் 😄

பதில் 3: வெளிநாட்டு கூட்டு நமக்கு என்ன புதுசா, 1806லயே ரிங்கல்தௌபேன்னு ஜெர்மன் மிஷனரி நம்ம மாவட்டத்து மயிலாடிக்கு வந்து பள்ளிக்கூடம் வச்சவருதான. ஆனா அன்னைக்கு அவங்க சொல்லி நாம கேட்டோம், இப்ப நம்ம பிள்ளையளும் பேசணும். வல பின்னுற தாத்தா யாரையாவது கேமரா முன்ன உக்கார வைங்க, பருத்தி வல போயி நைலான் வந்த கதய அவரு சொல்லட்டும்.

கேட்டவர்: மண்ணு பாட்டில கரையிலயே தட்டியாச்சு. எங்க மாமனாரே வல பின்னுவாரு, சட்ட போடத்தான் சம்மதிக்கமாட்டேங்காரு.