பிரைமரியில் கருத்துக்கணிப்பு உங்கள் ஓட்டை மாற்றியதுண்டா? அனுபவம் சொல்லுங்கள்

நாஷுவாக்காரன்:

2007 கோடையில் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. அடுத்த ஜனவரியிலேயே நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரி, அதாவது கட்சிகள் தங்கள் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடக்கும் மாநில வாக்கெடுப்பு, வந்துவிட்டது. அமெரிக்காவில் நான் போட்ட முதல் ஓட்டு அதுதான். எந்தக் கட்சியையும் சாராதவர் என்று பதிவு செய்திருந்தேன். இங்கே அப்படிப் பதிந்தவர்கள் பிரைமரி அன்று எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டை வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம்.

ஜனநாயகக் கட்சியில் ஒபாமாவுக்கும் ஹிலரி கிளின்டனுக்கும் போட்டி. 2008 ஜனவரி 3-ஆம் தேதி அயோவா மாநிலத்தில் ஒபாமா ஜெயித்தார். எங்கள் தேர்தல் 8-ஆம் தேதி. நடுவில் இருந்த நான்கு நாளும் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துத் தொலைபேசி அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை வந்த அழைப்பு ஒரு கருத்துக்கணிப்பு. "இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்றேன். "இன்றைக்கே தேர்தல் என்றால் யார் பக்கம் சாய்வீர்கள்?" என்று கேட்டார்கள். ஒபாமா என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை போர்ட்ஸ்மத்தில் ஒரு காபிக் கடையில் ஹிலரி கிளின்டனின் குரல் தழுதழுத்தது. அன்று முழுக்கத் தொலைக்காட்சியில் அதே காட்சிதான். கண்ணீர்தான் முடிவை மாற்றியது என்று பிறகு பலர் எழுதினார்கள். மற்றவர்களைப் பற்றித் தெரியாது, எனக்கு அது காரணமில்லை. எல்லோரும் மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்பது அவருடைய திட்டம். ஒபாமாவின் திட்டத்தில் அந்தக் கட்டாயம் குழந்தைகளுக்கு மட்டும்தான். ஒரு வேலை போய் அடுத்த வேலை கிடைப்பதற்குள் நான்கு மாதம் காப்பீடே இல்லாமல் கைக்குழந்தையோடு இருந்தவன் நான். திங்கள் இரவு மனைவியும் நானும் அதைப் பற்றித்தான் வெகுநேரம் பேசினோம்.

செவ்வாய்க்கிழமை ஜனவரி மாதத்துக்கே பொருந்தாத இளம்சூடு. பள்ளிக்கூட வரிசையில் நின்று கிளின்டனுக்குப் போட்டுவிட்டு வந்தேன். கணிப்புகளின் சராசரியில் ஒபாமா சுமார் 8 புள்ளி முன்னால் இருந்தார். இரவு எண்ணி முடித்தபோது கிளின்டன் 39, ஒபாமா 36.5 சதவீதம். அன்றிரவு ஒபாமா எங்கள் ஊர்ப் பள்ளி அரங்கில் நின்றுதான் "நம்மால் முடியும்" என்று பேசினார். தோற்றவர் பேசிய பேச்சாகவே அது தெரியவில்லை. அவருக்குப் போடாத நானும் வீட்டில் நின்றுகொண்டே கேட்டேன்.

கணிப்பு பொய்த்துவிட்டது என்று மறுநாள் ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பொய்த்த எண்ணிக்கைக்குள் நானும் ஒருவன் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

மிச்சிகன் அக்கா:

எனக்கு நடந்தது இதைவிட மோசம் தம்பி. உங்கள் மனம் மாறியது, அது உங்கள் உரிமை. நான் கணிப்பை நம்பி, மனத்துக்குப் பிடித்தவரையே கைவிட்டேன்.

2016 மார்ச் 8. மிச்சிகனில் கட்சிப் பதிவே கிடையாது. வாக்குச்சாவடியில் எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொள்ளலாம். ஜனநாயகக் கட்சியில் கிளின்டனுக்கும் பெர்னி சாண்டர்ஸுக்கும் போட்டி. கிளின்டன் இங்கே சுமார் 20 புள்ளி முன்னணி என்று கணிப்புகளின் சராசரி சொன்னது. அவர் ஜெயிக்க 99 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு என்று ஃபைவ்தர்ட்டிஎய்ட் என்ற தேர்தல் கணிப்புத் தளம் கணக்குப் போட்டிருந்தது. சரி, அவருக்கு என் ஓட்டு தேவைப்படாது, அந்தப் பக்கம் டிரம்ப்பைத் தடுக்கலாம் என்று குடியரசுக் கட்சிச் சீட்டை வாங்கி, டிரம்ப்பை எதிர்த்து நின்ற ஜான் கேசிக்குக்குப் போட்டேன்.

இரவு என்ன ஆனது தெரியுமா? கேசிக் மூன்றாவது இடம். டிரம்ப் வெற்றி. இந்தப் பக்கம் சாண்டர்ஸ் 49.7, கிளின்டன் 48.3. வித்தியாசம் சுமார் 17 ஆயிரம் ஓட்டு. என்னைப் போலவே கணக்குப் போட்ட இரண்டு தோழிகள் அலுவலகத்திலேயே இருந்தார்கள். மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

எங்கள் ஓட்டால் முடிவு மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகளை (டெலிகேட்டுகள்) விகிதப்படி பிரித்ததால் கிளின்டனுக்குப் பெரிய இழப்பும் இல்லை. அதே நாளில் மிசிசிப்பியில் வாரிக் குவித்தார். ஆனால் என் மாநிலத்தில் என் வேட்பாளருக்காக நான் நிற்கவில்லை. வாகன உதிரிபாகத் தொழிலில் இருபது வருடம் இருக்கிறேன். எங்கள் ஆலையில் வேலை செய்யும் ஆட்கள் கனடா, மெக்சிகோவுடனான நாஃப்டா வணிக ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசும்போது எவ்வளவு கோபம் வரும் என்று எனக்குத் தெரியும். சாண்டர்ஸ் அதைத்தான் மேடைக்கு மேடை பேசினார். கணிப்பைத் தள்ளி வைத்துவிட்டுக் காதில் விழுந்ததைக் கேட்டிருந்தாலே இது நெருக்கமான போட்டி என்று புரிந்திருக்கும்.

ஆன் ஆர்பர் மாணவன்:

அக்கா, அந்த 17 ஆயிரத்தில் நானும் என் அறைத்தோழர்களும் உண்டு. விடுதியில் யாருக்குமே கணிப்பு அழைப்பு வந்ததில்லை. வந்தாலும் தெரியாத எண்ணை நாங்கள் எடுக்க மாட்டோம். அன்று 30 வயதுக்குக் கீழே வாக்களித்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் சாண்டர்ஸ் பக்கம்.

முன்னாள் கணிப்பு ஊழியர்:

நான் அழைப்பின் மறுமுனையில் இருந்தவன். படிக்கும் காலத்தில் இரண்டு பிரைமரி பருவங்களில் மாலை நேர வேலையாகக் கணிப்பு அழைப்புகள் செய்திருக்கிறேன். காதில் ஹெட்செட், எதிரே கணினித் திரை. திரையில் வரும் கேள்வியை ஒரு சொல் மாற்றாமல் படிக்க வேண்டும். வேட்பாளர் பெயர் வரிசையை ஒவ்வொரு அழைப்புக்கும் கணினி மாற்றிக் கொடுக்கும்.

நாஷுவா அண்ணா, நீங்கள் "யோசிக்கிறேன்" என்றதும் அடுத்து வந்த கேள்வி இருக்கிறதே, அதுதான் முக்கியம். எந்தப் பக்கம் சாய்வீர்கள் என்று கேட்டு வாங்கிய பதிலையும், "உயிரே போனாலும் இவருக்குத்தான்" என்றவரின் பதிலையும் சேர்த்து ஒரே எண்ணாக வெளியிடுவார்கள். உள்ளே அட்டவணையில் பிரித்திருக்கும். தலைப்புச் செய்தியில் அது வராது.

பொதுத் தேர்தலில் இதனால் பெரிய பாதகம் இல்லை. பெரும்பாலோருக்குக் கட்சி முடிவாகிவிட்டது. பிரைமரியில் எல்லோரும் ஒரே கட்சி, கொள்கையும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டு மூன்று பேரை ஒரே அளவு பிடிக்கிறது என்று எத்தனையோ பேர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். ஒரு பாட்டி, "மூன்று பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவேன், ஒருவரை மட்டும் எப்படிச் சொல்வது?" என்று கேட்டார். அதற்கு என் திரையில் பொத்தான் இல்லை. கடைசியில் அவர் யாரைச் சொன்னாரோ அதை அழுத்தினேன்.

இன்னொரு சிக்கல் யார் வாக்களிக்கப் போகிறார்கள் என்பது. பழைய தேர்தலை வைத்துத்தான் கணிக்க முடியும். மிச்சிகனில் 2008 பிரைமரி தேதித் தகராறில் சிக்கியது, ஒபாமா பெயரே சீட்டில் இல்லை. அதனால் 2016-இல் ஒப்பிட்டுப் பார்க்க ஒழுங்கான பழைய கணக்கே கிடையாது. அழைப்பை எடுப்பவர்களும் குறைந்துகொண்டே வந்தார்கள். பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளில் 1997-இல் 36 சதவீதம் பேர் பதில் சொன்னார்கள். 2018-இல் அது 6 சதவீதம்.

2008 நியூ ஹாம்ப்ஷயரில் என்ன நடந்தது என்று கணிப்பாளர்களின் சங்கமே ஒரு குழு போட்டு ஆராய்ந்தது. ஒற்றைக் காரணம் அகப்படவில்லை. அயோவாவுக்கும் உங்கள் தேர்தலுக்கும் இடையே நாள் போதவில்லை, கடைசி நேரத்தில் முடிவெடுத்தவர்கள் இருந்தார்கள், கணிப்பில் கலந்துகொள்ளாதவர்கள் வேறு மாதிரி வாக்களித்திருக்கலாம் என்று பலதும் சொன்னார்கள். நீங்கள் சொன்னது அதில் அப்படியே இருக்கிறது.

வெஸ்ட் டெமாய்ன்:

கணிப்பே வராமல் போன தேர்தலைப் பார்த்திருக்கிறீர்களா? 2020 அயோவா காக்கஸ். சீட்டில் ஓட்டுப் போடாமல், ஊர் மக்கள் ஓர் அறையில் கூடி, பிடித்த வேட்பாளரின் அணியில் போய் நிற்கும் கூட்டம் அது.

எங்கள் ஊரில் காக்கஸுக்கு முந்தைய சனிக்கிழமை இரவு டெமாய்ன் ரெஜிஸ்டர் நாளிதழின் கணிப்பு வெளியாவது அப்போது வழக்கம். அதற்காக வீட்டில் சிற்றுண்டி வைத்துக் காத்திருந்தவர்கள் உண்டு. அந்த வருடம் அது வெளியாகவில்லை. தன்னை அழைத்தபோது பெயர்ப் பட்டியலில் வேட்பாளர்களில் ஒருவரான பீட் பூட்டஜெஜ் பெயரைப் படிக்கவில்லை என்று ஒருவர் புகார் செய்தாராம். ஓர் ஊழியர் திரையில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கியதில் கடைசிப் பெயர் மறைந்திருக்கலாம் என்றார்கள். முழுக் கணிப்பையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

எனக்குப் பெரிய ஏமாற்றம். இன்னொரு வேட்பாளரான ஏமி குளோபுச்சரைப் பிடித்திருந்தது, ஆனால் 15 சதவீதம் எட்டுவாரா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றிருந்தேன். அந்தக் காக்கஸில் அறைக்குள் 15 சதவீதம் சேராத அணி கலைந்து வேறு அணிக்குப் போகலாம் என்பது விதி. சரி, எண் தெரியாததால் யாரைப் பிடித்ததோ அவர் பக்கமே போய் நின்றேன்.

எங்கள் அணிக்கு நான்கைந்து பேர் குறைந்தது. அப்புறம் நடந்ததை நான் என்றும் மறக்க மாட்டேன். எதிர்வீட்டுக்காரர் எலிசபெத் வாரன் என்ற வேட்பாளரின் அணியிலிருந்து வந்தார். ஏழு வருடமாகப் பனி அள்ளும்போது கையசைத்ததோடு சரி, அவருக்கும் எனக்கும் வேறு பேச்சு இருந்ததில்லை. தன் மகளின் கல்விக்கடன் எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்டுகிறாள் என்று முதல் தடவையாகச் சொன்னார். ஓர் இளைஞர் பூட்டஜெஜுக்காகப் பேசினார். நான் எதிர்வீட்டுக்காரரோடு போனேன். யார் முந்துவார் என்று அறையில் ஒருவரும் சொல்லவில்லை, சொல்ல எண்ணும் கையில் இல்லை. எல்லோரும் காரணம் சொன்னார்கள்.

முடிவு அனுப்பும் செயலி பழுதாகி எண்ணிக்கை நாள்கணக்கில் தள்ளிப்போனதைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அந்த அறை நினைவிருக்கிறது.

கொலம்பியா நர்ஸ்:

தென் கரோலினாவிலிருந்து எழுதுகிறேன். 2020-இல் பைடன் அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. எங்கள் மாநிலக் கணிப்பிலும் அவர் முன்னணி சுருங்கிக்கொண்டே வந்தது. நானும் வேறு ஆளைத் தேட ஆரம்பித்திருந்தேன்.

என் வார்டில் இருபத்தைந்து வருடமாக வேலை செய்த ஒரு கறுப்பினச் சகோதரி இருந்தார், எங்களுக்கெல்லாம் அக்கா மாதிரி. அவரிடம் கணிப்பைக் காட்டினேன். "அது அவர்கள் ஊர்க் கதை. நாங்கள் இன்னும் பேசவில்லை" என்றார். பிப்ரவரி 26-ஆம் தேதி எங்கள் மாநிலத்தின் மூத்த கறுப்பின எம்.பி. ஜிம் கிளைபர்ன் பைடனை ஆதரித்தார். ஜோவை நமக்குத் தெரியும், அதைவிட முக்கியம் ஜோவுக்கு நம்மைத் தெரியும் என்று அவர் சொன்னதை அக்கா இரவு ஷிப்டில் மூன்று தடவை போட்டுக் காட்டினார். மூன்று நாள் கழித்து நடந்த பிரைமரியில் பைடன் மாநிலத்தின் 46 கவுன்டிகளிலும் (மாவட்டங்கள் மாதிரி) ஜெயித்தார், கிட்டத்தட்ட 49 சதவீதம்.

அக்காவுக்குப் பைடன் மேல் கண்மூடித்தனமான பாசமெல்லாம் இல்லை. நவம்பரில் வெள்ளையர்கள் யாருக்குப் போடத் தயாராக இருப்பார்கள் என்று யோசித்துத்தான் தன் ஓட்டைப் போட்டதாகச் சொன்னார். தனக்குப் பிடித்தவர் வேறு என்றும் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு மனம் கனத்தது. இன்னமும் அப்படித்தான்.

பே ஏரியா:

நர்ஸ் அக்கா சொன்னதுதான் எங்கள் வீட்டிலும். 2019 ஜூன் மாத விவாதத்துக்குப் பிறகு கமலா ஹாரிஸ் எண் ஏறியபோது சென்னையிலிருந்து அம்மா போன் போட்டு, கமலாவின் தாயார் பெயரைச் சொல்லி, "சியாமளா பொண்ணு ஜெயிச்சுடுவாளா?" என்று கேட்டார். நன்கொடை அனுப்பினேன். இலையுதிர்காலத்தில் எண் சரிந்தது. கோயிலில் பார்த்தவர்கள் எல்லோரும் "நல்லவர்தான், ஆனால் மற்றவர்கள் போட மாட்டார்களே" என்றார்கள். நானும் சொன்னேன். எண் இறங்க நன்கொடை குறைந்தது, நன்கொடை குறைய எண் இறங்கியது. பணம் இல்லை என்று டிசம்பர் 3-ஆம் தேதி விலகினார், நாட்டில் ஒரு பிரைமரி ஓட்டுகூடப் பதிவாவதற்கு முன்பே.

அதற்கப்புறம் பூட்டஜெஜ் பக்கம் போய், தபால் ஓட்டைப் பத்து நாள் முன்னதாகவே அனுப்பிவிட்டேன். மார்ச் 1-ஆம் தேதி அவரும் விலகினார், எங்கள் தேர்தல் 3-ஆம் தேதி. அனுப்பிய ஓட்டைத் திரும்ப வாங்க முடியாது. நிறைய பேர் களத்தில் இருக்கும்போது தபால் சீட்டைக் கடைசி இரண்டு நாள் வரை கையில் வைத்திருங்கள். அந்தத் தேர்தலில் கலிபோர்னியாவில் தேர்தல் நாளன்று தபால் முத்திரை விழுந்தால் போதுமாக இருந்தது.

வெஸ்ட் டெமாய்ன்:

நியாயத்துக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். 2024 குடியரசுக் கட்சிக் காக்கஸில் எங்கள் ஊர்க் கணிப்பு டிரம்ப்புக்கு 48 சதவீதம் என்றது, அவர் 51 வாங்கினார். கடுங்குளிர், ஆனாலும் எண் பெரிதாகத் தவறவில்லை. பாலக்காட்டுத் தமிழ் வீட்டுப் பையன் என்று அதே போட்டியில் நின்ற விவேக் ராமசாமிக்காக எங்கள் நண்பர் ஒருவர் அலைந்து வேலை செய்தார். அவருக்கு 8 சதவீதத்துக்கும் குறைவு, அன்றிரவே விலகினார். கணிப்பு முன்கூட்டியே சொன்னதுதான், நண்பர்தான் நம்பவில்லை. எல்லோரும் முடிவெடுத்துவிட்ட தேர்தலில் கணிப்பு சரியாகத்தான் சொல்கிறது.

நாஷுவாக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. கணிப்பு ஊழியர் தம்பி எழுதியதைப் படித்த பிறகு இத்தனை வருட உறுத்தல் கொஞ்சம் இறங்கியது.

அதே 2024 ஜனவரியில் எங்களுக்கும் அழைப்பு வந்தது. குடியரசுக் கட்சிப் பிரைமரியில் டிரம்ப்பா, நிக்கி ஹேலியா என்று கேட்டார்கள். "ஹேலி பக்கம் சாய்கிறேன், இன்னும் உறுதியில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்" என்றேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, அதற்கும் ஒரு கேள்வி வரும் சார் என்றாள். வந்தது. "மனம் மாற வாய்ப்புண்டு" என்று பதில் சொன்னேன். அந்த முறை மாறவில்லை. ஹேலி 54-க்கு 43 என்று தோற்றார். கடைசிக் கணிப்புகள் சொன்னதைவிட இடைவெளி குறைவு.

2008-இல் கைக்குழந்தையாக இருந்த மகனுக்கு இப்போது பதினெட்டு முடிந்துவிட்டது. 2028-இல் எங்கள் வீட்டில் மூன்று ஓட்டு. மிச்சிகன் அக்கா கதையை அவனுக்குப் படித்துக் காட்டினேன்.