கிச்சன்ல டிவி: மறைக்கணுமா, மாட்டணுமா?

வேளச்சேரி வித்யா
பழைய கிச்சனை இடிச்சுட்டு மாடுலர் போடுறோம். பத்துக்கு எட்டு அடி, எல் வடிவ மேடை, கிழக்குப் பார்த்து அடுப்பு, மேல சிம்னி. ஷட்டர், அதான் கேபினட் கதவு, எல்லாம் ஐவரி, மேடைக்குப் பின்னாடி வெள்ளை டைல்ஸ். எனக்கு அங்க ஒரு சின்ன டிவி வேணும். ஹால்ல ஓடுற மேட்சைக் காதால மட்டும் கேட்டு அலுத்துப் போச்சு. வீட்டுக்காரரோ, "இவ்வளவு செலவு பண்ணிட்டு சுவர்ல ஒரு கறுப்புப் பலகையை மாட்டப் போறியா"ங்கறார். ரெண்டு பேரும் சண்டை போடாம முடிக்க வழி இருக்கா?

கார்த்தி இன்டீரியர்ஸ்
இருக்கு மேடம். மேல் கேபினட்டுக்குள்ள வெச்சுடுங்க. மேடை 33 அங்குலம், அதுக்கு மேல 24 அங்குலம் இடைவெளி விட்டா கேபினட் அடிப்பாகம் தரையிலிருந்து 57 அங்குலத்துல வரும். அஞ்சேகால் அடி உயரம் இருக்கறவங்களுக்குக் கண் மட்டமும் கிட்டத்தட்ட அதுதான். மேல தூக்குற ஷட்டர் போட்டா, பார்க்கும்போது திறக்கலாம், ஆள் வந்தா மூடிடலாம். டிவி இருக்குன்னே யாருக்கும் தெரியாது.

தஞ்சை தாமோதரன்
எதுக்கும்மா இந்த வேலை? எங்க அம்மா விவித் பாரதி கேட்டுக்கிட்டே ஒரு கூட்டுக் குடும்பத்துக்கே சமைச்சாங்க. ரேடியோவுக்குக் காதைக் குடுத்தா போதும், இதுக்குக் கண்ணையும் குடுக்கணும். அடுப்புல அப்பளத்துக்கு எண்ணெய் காயுது, டிவியில கடைசி ஓவர். எதைப் பார்ப்பீங்க?

மதுரை மல்லி
தாமோதரன் ஐயா, இப்ப எல்லாரும் போனை எண்ணெய்த் தூக்குல சாய்ச்சு வெச்சுட்டுக் குனிஞ்சு பார்த்துத்தானே சமைக்கிறோம்? அதுக்கு இது எவ்வளவோ மேல். 2006 தேர்தலுக்கு அப்புறம் அரசாங்கம் குடுத்த 14 அங்குல இலவச கலர் டிவி எங்க வீட்ல அடுக்களை அலமாரியிலதான் இருந்துச்சு. அப்ப யாரும் அழகைப் பத்திப் பேசலை.

கார்த்தி சார், உங்ககிட்ட ஒரு கேள்வி. கை முழுக்க சப்பாத்தி மாவு. அந்த ஷட்டரை யார் தூக்குறது? ஒரு மாசத்துல டிவி முன்னாடி ஊறுகாய் பாட்டில் வந்து உட்கார்ந்துக்கும். கிச்சன்ல கைக்கு எட்டுற கேபினட் எவ்வளவு அருமையான இடம்னு அங்க நிக்கிறவங்களுக்குத்தான் தெரியும்.

கார்த்தி இன்டீரியர்ஸ்
திறந்தே வெச்சா எண்ணெய்ப் பிசுக்கு மேடம். எவ்வளவு நல்ல சிம்னியா இருந்தாலும் தாளிக்கிற புகை முழுசா போகாது. டிவி திரையை விம் போட்டுத் தேய்க்க முடியாது, கிளீனரை நேரா அடிக்கவும் கூடாது. லேசா ஈரமான மைக்ரோஃபைபர் துணிதான். வாராவாரம் துடைப்பீங்களா? மறைக்க மனசில்லைன்னா சாம்சங் 2017ல கொண்டுவந்த ஃப்ரேம் மாடல் இருக்கு, அணைச்சிருக்கும்போது சுவர்ப் படம் மாதிரி காட்டும்.

மதுரை மல்லி
சிம்னி பக்கத்துல ஓவியம் மாட்டுற வீட்டை நான் பார்த்ததில்லை சார்.

கோவை குமரேசன்
மர வேலை செய்யறவன், சொல்லலாமுங்களா? எல்லாரும் கிழக்குச் சுவரையே பார்த்துட்டு இருக்கீங்க. அம்மணி, ஃபிரிட்ஜ் பக்கத்துல மைக்ரோவேவுக்கு டால் யூனிட், அதானுங்க உயரமான அலமாரி, வருதுங்களா? மைக்ரோவேவ் கதவே கறுப்புக் கண்ணாடிதான். அதுக்கு மேல தட்டுல 24 அங்குல டிவியை வெச்சா, அணைச்சிருக்கும்போது இன்னொரு மைக்ரோவேவ்னு நினைச்சுக்குவாங்க. வெள்ளைச் சுவர்ல ஒத்தையா நிக்கிற கறுப்புதான் கண்ணை உறுத்தும். அதைவிட மோசம், அதுக்குக் கீழ தொங்குற வயரும் செட்டாப் பாக்ஸும். நெட்டுல படம் காட்ட டிவியில செருகுற ஸ்ட்ரீமிங் ஸ்டிக் போதும்னா பாக்ஸே வேண்டாமுங்க.

ஆனா அளவை இப்பவே பாருங்க. டால் யூனிட் வெளியே 60 செ.மீ. ரெண்டு பக்கமும் 18 மி.மீ. பிளைவுட் போனா உள்ளே 56.4 செ.மீ.தான் நிக்கும். 24 அங்குலத்துல திரை மட்டுமே 53 செ.மீ. அகலம், சட்டத்தோட 55, 56ன்னு வரும். மயிரிழையில நுழையும், சிலது நுழையாது. கடையில அங்குலத்தைச் சொல்லி வாங்காதீங்க, டிவியோட மொத்த அகலம் எவ்வளவுன்னு கேளுங்க. 32 அங்குலம்னா திரையே 71 செ.மீ., பேச்சே இல்லை. மைக்ரோவேவ் சூட்டுக்காத்து வெளியே போக அது கேட்கிற இடத்தை விடணும், டிவிக்குப் பின்னாடி பலகையையும் வெட்டி விடணும்.

மதுரை மல்லி
அண்ணா, யோசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா அவங்க நிக்கிறது கிழக்குப் பார்த்து. டால் யூனிட் இடது பக்கம் வடக்குச் சுவர்ல வந்தா அரை மணி நேரம் கழுத்தைத் திருப்பியே வெச்சிருக்கணுமே? அதோட மலிவான சின்ன டிவியைப் பக்கவாட்டுல பார்த்தா படம் வெளுத்துப் போகுது.

கோவை குமரேசன்
ஐபிஎஸ் பேனல்னு ஒரு வகைத் திரை இருக்கு, அதைக் கேட்டு வாங்கினா வெளுக்கறது குறையுமுங்க. கழுத்துக்கு, இழுத்துத் திருப்புற பிராக்கெட் இருக்கு. டிவி முதுகுல நாலு ஓட்டை 75 மி.மீ. சதுரமா, 100 மி.மீ. சதுரமான்னு பார்த்து வாங்கோணும்.

கார்த்தி இன்டீரியர்ஸ்
இழுத்த டிவியை உள்ள தள்ள மறந்துட்டு ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தா?

தஞ்சை தாமோதரன்
மிக்சி ஓடும்போது என்ன கேட்கும்னு இன்னும் யாரும் சொல்லலை.

மதுரை மல்லி
ஸ்கோர் கண்ணுக்குத் தெரியும் ஐயா. ரேடியோன்னா அதுவும் கிடையாது.

வேளச்சேரி வித்யா
எல்லாருக்கும் நன்றி. டால் யூனிட் வடக்குச் சுவர்லதான், மைக்ரோவேவும் அங்கேதான். மல்லி சொன்ன மாதிரி ஷட்டரைத் தூக்க எனக்குப் பொறுமை கிடையாது, அது நிச்சயம். ஆனா கழுத்து விஷயமும் இடிக்குது. சனிக்கிழமை எலக்ட்ரீஷியன் வர்றார், திங்கள்ல டைல்ஸ். ஒட்டினதுக்கு அப்புறம் சுவரை வெட்ட முடியாதே. அதனால டால் யூனிட்லயும் சிம்னிக்கு வலது பக்கத்துலயும் ஒவ்வொரு பாயின்ட்டுக்கு பைப் புதைச்சுடச் சொல்லப் போறேன். ஆசாரியை யூனிட் உள்ளளவு 58 செ.மீ. வர்ற மாதிரி கேட்டுப் பார்க்கணும்.

கார்த்தி இன்டீரியர்ஸ்
உள்ள 58ன்னா வெளியே 61.6 ஆயிடும் மேடம். பக்கத்துல ஃபிரிட்ஜுக்கு விட்ட இடத்துலதான் அது குறையும். ஆசாரி பலகை அறுக்கறதுக்கு முன்னாடி ஃபிரிட்ஜ் அகலத்தையும் அளந்து குடுங்க. வலது பக்க பாயின்ட் வேண்டவே வேண்டாம், பின்னாடி வெள்ளை டைல்ஸ் நடுவுல வெறும் சுவிட்ச் பிளேட் தெரியும்.

மதுரை மல்லி
நீங்க போடுங்க வித்யா. பிளேட்டும் வெள்ளையில கிடைக்குது.