ஆஃப்செட்டுக்கு என்ன சொல் வைக்கலாம்? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

பாளையங்கோட்டையிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். நில அளவைப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்காகச் சிறு கையேடு ஒன்று தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மற்ற சொற்கள் ஓரளவு அமைந்துவிட்டன. அளவை முழுவதற்கும் ஆதாரமாக முதலில் அளக்கிற பேஸ்லைனுக்கு 'அடிக்கோடு' என்று போட்டேன். 1802இல் இந்தியப் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய லாம்டன் பரங்கிமலை அருகே அளந்த கோட்டைக் காட்டி விளக்கியதும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். ஆஃப்செட் மட்டும் இடிக்கிறது.

வயலின் குறுக்கே அளவுச் சங்கிலியை நேராக இழுக்கிறோம். வரப்பு நேராகப் போகாதே. பாளையங்கால் கரை வயல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வாய்க்கால் நெளிகிற இடத்திலெல்லாம் வரப்பும் நெளியும். ஒவ்வொரு நெளிவுக்கும் சங்கிலியிலிருந்து செங்கோணத்தில் எத்தனை கண்ணி (சங்கிலியின் ஒரு துண்டு) என்று அளக்கிறோமே, அதைத்தான் கேட்கிறேன். போன வருடம் 'குத்துயரம்' என்று எழுதினேன். ஒரு மாணவி, "டீச்சர், தரையில படுத்துக் கிடக்கிறதைப் போயி உயரம்ங்கீங்களே?" என்றாள். அவள் கேட்டது நியாயம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

டீச்சருக்கு வணக்கம். நாங்கள் வேலையில் இருந்த காலம் முழுக்க 'ஆப்செட்டு' என்றே சொன்னோம். அளவுப் புத்தகத்தைப் பக்கத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி எழுதுவோம். நடக்கிற திசையும் எழுதுகிற திசையும் ஒன்றாக இருக்கும். நடுவில் சங்கிலித் தூரம், இடதுபுறத்து வரப்பு இடப்பக்கம், வலதுபுறத்து வரப்பு வலப்பக்கம். எழுதி முடித்த பக்கத்தைப் பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். நடுமுள் ஒன்று, இரண்டு பக்கமும் விலா முள். அதனால் 'விலாக்கோடு' என்று வையுங்கள்.

சங்கிலியையே பாருங்கள். 66 அடி, 100 கண்ணி, கண்ணிக்கு 7.92 அங்குலம். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட். இங்கிலாந்தில் பிறந்த அளவுதான். 'சங்கிலி', 'கண்ணி' என்று பேர் விழுந்ததும் நம் ஆட்கள் கையில் ஒட்டிக்கொண்டது. அகராதி பார்த்தா வைத்தார்கள்?

தென்காசியிலிருந்து:

அண்ணாச்சியின் மீன்முள் அருமை. ஆனால் சங்கிலி தமிழில்லை, 'சிருங்கலா' என்ற வடசொல் வழி வந்தது. 'தொடரி' என்று எழுதலாம். விலா நல்ல தமிழ். நடு உடலிலிருந்து விலகி நிற்பதால் 'விலகு' என்பதோடு உறவிருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் 'கோடு' வேண்டாம். புத்தகத்தில் ஏறுவது எண். விலா + அளவு, வகர உடம்படுமெய் பெற்று 'விலாவளவு'.

அளவுச் சொற்களில் நமக்குப் பஞ்சமே கிடையாது. 'பனை' ஓர் அளவின் பெயர் என்று தொல்காப்பியமே சொல்கிறது. ராஜராஜன் நிலம் அளப்பித்தபோது அளந்த அதிகாரிக்கு 'உலகளந்தான்' என்று பட்டம், கோலுக்கு 'உலகளந்த கோல்' என்று பெயர். பெருமாளின் பெயரை அளவுகோலுக்குச் சூட்டிய நாடு இது. திருநெல்வேலி என்ற பெயரும் அப்படித்தானோ? வேதசர்மர் காயப்போட்ட நெல்லை மழையில் நனையாமல் இறைவன் வேலியிட்டுக் காத்தார் என்கிறோம். வேலி நில அளவும்தானே? நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. நெல் விளையும் வேலி, நெல்வேலி என்று ஏன் கொள்ளக்கூடாது?

தூத்துக்குடியிலிருந்து:

ஐயா, ஆஃப்செட்டை விட்டுவிட்டு நெல்லையப்பர் சன்னதிக்கே போய்விட்டோம். வேலிக் கணக்கு இன்றைக்கும் தஞ்சாவூர்க்காரர் நாக்கில்தான் வரும். நம் பக்கம் கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு. இரண்டும் நெல் அளக்கும் அளவுகள், கோட்டைக்கு 21 மரக்கால். எவ்வளவு விதை விழுமோ அவ்வளவு நிலம். கோலே இல்லாமல் நெல்லைக் கொண்டு நிலத்தை அளந்தவர்கள் நாம். அதை விடப் பெரிய கலைச்சொல் எனக்குத் தெரியவில்லை.

சொல்லுக்கு வருகிறேன். ஆஃப்செட் என்றே விடுங்கள். நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் அந்தச் சொல்தான் காதில் விழும். புரியாத சொல்லால் கை பிசகினால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். ஒரு வளைவில் இடப்பக்கம் எழுத வேண்டிய எட்டுக் கண்ணியை யாரோ வலப்பக்கம் எழுதிவிட்டார்கள். வரப்பு எங்கள் பக்கம் நகர்ந்தது. அப்பாவும் சித்தப்பாவும் பதினோரு வருடம் பேசிக்கொள்ளவில்லை. ஆச்சி இறந்த வீட்டில்கூட ஆளுக்கொரு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

தம்பி சொன்னது மனதை என்னவோ செய்கிறது. அதனாலேயே சொல்கிறேன், வயலில் இது சத்தம் போட்டுச் சொல்கிற சொல். அந்தக் கரையில் சங்கிலி ஆள், இந்தக் கரையில் எழுதுகிறவர், நடுவில் காற்று. 'விலாவளவு' காற்றில் கரைந்துவிடும். "இடது விலா எட்டு!" என்றால் போதும். பக்கத்தை முதலில் சொல்லிப் பழக்குங்கள் டீச்சர், பிசகாது.

பாளையங்கோட்டையிலிருந்து:

இன்று காலை பிள்ளைகளை வயலில் இறக்கிப் பார்த்தேன். பாதிப் பேருக்குமேல் 'விலா' உடனே வந்துவிட்டது. மூன்று பேர் ஆஃப்செட்டை விடவில்லை. சரி, படத்தில் 'விலாக்கோடு', சொல்லும்போது 'விலா', முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் 'ஆஃப்செட்'. தூத்துக்குடித் தம்பிக்கும் அது ஒத்துவரும் என்று நம்புகிறேன். பக்கத்தை முதலில் சொல்வது என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். கையேடு அச்சகத்துக்குப் போய்விட்டது.

தென்காசியிலிருந்து:

கோடு படத்தில் இருப்பது, அளவு புத்தகத்தில் இருப்பது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் பிள்ளைகள்தான் குழம்புவார்கள். நான் இதற்கு உடன்படவில்லை. 'தொடரி' பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.