பழைய லீஃபுக்கு வேற பற்றரியா, இல்லாட்டி வேற காரா?

சாவகச்சேரியான்:
2012 நிசான் லீஃப் மின்சாரக் கார், 24 கிலோவாட்மணிப் பற்றரி. டாஷ்போட்டில பற்றரித் தேய்வைக் காட்டுற பன்னிரண்டு கட்டையில ஆறுதான் மிச்சம். பற்றரி பாக்கிற ஆப்பில, புதுசில இருந்த கொள்ளளவில 51 வீதம்தான் மிச்சம் எண்டு காட்டுது. யாழ்ப்பாணம் வேலைக்குப் போய்வர 32 கிலோமீற்றர், அதுக்குக் காணும். போன கிழமை அம்மாவைக் கிளிநொச்சி கிளினிக்குக்கு ஏத்திக்கொண்டு போகேக்க, பரந்தனுக்குக் கிட்ட டாஷ்போட்டில ஆமைப் படம் வந்திட்டுது. கார் ஊருது, பின்னால மண் லொறி ஹோர்ன் அடிக்குது. "இறங்கி நடப்பமே?" எண்டு அம்மா கேட்டா. பற்றரியை மாத்தவோ, காரை மாத்தவோ?

யாழ்_பொறி:
தம்பி, காரை விக்காதேங்கோ. 2017 கடைசியில இருந்து வந்த லீஃபின்ர 40 கிலோவாட்மணிப் பற்றரி உங்கட காருக்கு அடியில பொருந்தும். காரும் புதுப் பற்றரியும் கதைக்க இடையில ஒரு சின்னப் பெட்டி போடவேணும், அவ்வளவுதான். நான் போட்டு ஓடுறன், இப்ப உங்கட தூரத்தைப்போல ரெண்டரை மடங்கு போகுது. வாகன இறக்குமதியை 2020 மார்ச்சில நிப்பாட்டி, எங்களைப் போல ஆக்களுக்கு 2025 பெப்ரவரியிலதான் திறந்தவை. இப்ப வாற காருக்கு என்ன வரி எண்டு பாத்தனீங்களே?

வன்னி_கணக்கு:
அண்ணை, வரி எனக்கும் தெரியும். அந்த 40 எங்கயிருந்து வருது? அடிபட்ட காரில கழட்டினது, அதுவும் தேஞ்சதுதான். 24க்கும் தண்ணிக் குளிரூட்டல் இல்லை, 40க்கும் இல்லை. எங்கட சித்திரை வெயிலுக்கு ரெண்டும் ஒண்டுதான். எனக்குக் கராஜில மூண்டு மாசம் உத்தரவாதம் தந்தவை. நாலாம் மாசம் பற்றரிக்குள்ள ஒரு செல் விழுந்திட்டுது, போனை எடுக்கவேயில்லை. தம்பி, அந்தக் காசை முற்பணமாக் கட்டி, பற்றரிக்குக் குளிரூட்டல் உள்ள காரை லீசிங்கில எடுங்கோ.

யாழ்_பொறி:
உங்களுக்கு நடந்தது அநியாயம். அதுக்காக அஞ்சு வருசம் வட்டி கட்டச் சொல்லுறதே? பற்றரிக்குக் காசு குடுக்க முதல் 96 செல் சோடியின்ர வோல்ட்டையும் பாக்கவேணும். முழுச் சார்ஜில எல்லாம் நல்லாத்தான் தெரியும், 20 வீதத்துக்குக் கீழ இறக்கினால்தான் நோஞ்சான் எது எண்டு பிடிபடும்.

மல்லாகம்_அக்கா:
தம்பி, முதல்ல உங்கட பற்றரியையே அப்பிடிப் பாருங்கோ. எல்லாச் சோடியும் தொடரா இருக்கிறதால ஒண்டு விழுந்தாலும் ஆமைதான். ஒரு சோடி மட்டும் எண்டால், அந்தச் சோடி இருக்கிற மொடியூலை, அதாவது செல் பெட்டியை, மாத்தினால் கொஞ்சக் காலம் ஓடலாம். முழுக்கத் தேஞ்சிருந்தால் அந்த வேலைக்குப் போகாதேங்கோ. எங்கட காரில 48 மொடியூலில நாலை மாத்தினம். ஆறு மாசத்தில அடுத்தது விழுந்து, திரும்பவும் முந்நூறு கிலோவை இறக்கிக் கழட்டினம். கூலி ரெண்டு தரம்.

வன்னி_கணக்கு:
அக்கா சொல்லுறதும் என்ர கதைதான். பழசுக்குள்ள காசு போட்டால் முடிவே இல்லை. அம்மாவை ஏத்திக்கொண்டு ஏ-9இல நிக்கிறது விளையாட்டில்லை.

சாவகச்சேரியான்:
அக்கா, நீங்கள் சொன்னாப் பிறகுதான் ஞாபகம் வருது: சார்ஜ் 14 வீதம் காட்டேக்கயே ஆமை வந்தது. இண்டைக்குச் சார்ஜ் போடேல்லை. நாளைக்கு வேலையால வந்து, 15 வீதத்தில ஆப்பைத் திறந்து 96 வோல்ட்டையும் படமெடுத்துப் போடுறன். அடுத்த கிளினிக் 18ஆம் திகதி, அதுக்கு பஸ்ஸிலதான் கூட்டிக்கொண்டு போவன்.