வௌவால் சொந்தத்துக்குத்தான் கொடுத்ததா?

நிரைக்காரன்:
போன ஞாயிற்றுக்கிழமை மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு மண்டபத்தில் ஒருவர் பேசினார். "தோட்டத்தில் நம்மவர்கள் ஒற்றுமையாக இருந்ததற்கு இரத்த உறவுதான் காரணம். அது பரிணாம விதி. பட்டணத்தில் கலந்த பிறகு ஒற்றுமை போய்விட்டது, இனி அரசியலிலும் வராது" என்றார். கூட்டம் கைதட்டியது. எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்களுக்கு உறவென்று ஒரு வீடுகூட இல்லை. மழையில் ரப்பர் மரப் பட்டை நனைந்து பால்வெட்டு நின்றால் கூலியும் நின்றுவிடும். அப்படியொரு வாரத்தில் எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மா, பால்டின்னால் அளந்த மூன்று டின் அரிசியை யாரும் பார்க்காதபடி முந்தானையில் மூடிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பிறகு அவர் பிள்ளைபெற்றுப் படுத்திருந்தபோது, என் அம்மா தமக்கு ஒதுக்கிய மர வரிசையான நிரையை முடித்துவிட்டு அவருடைய நிரையையும் வெட்டினார். இதில் இரத்தம் எங்கே வந்தது?

கோயில் தெரு:
அண்ணே, அன்று பேசியவர் என் மாமா. அவர் வாய்க்கு வந்ததைப் பேசவில்லை. 1964இல் உயிரியலாளர் ஹாமில்டன் போட்ட கணக்கு அது. உடன்பிறந்தவரோடு நமக்குப் பாதி மரபுப் பங்கு, சித்தப்பா பிள்ளையோடு எட்டில் ஒன்று. உதவி பெறுபவரின் பலனை அந்தப் பங்கால் பெருக்கினால், கொடுப்பவரின் இழப்பைவிடக் கூடுதலாக வந்தால்தான் உதவும் குணம் பரிணாமத்தில் நிலைக்கும். தேனீ அப்படித்தான், எறும்பு அப்படித்தான். இரத்தம் குடிக்கும் வௌவால்கூடச் சொந்தத்துக்குத்தான் கொடுக்கிறது. மூன்று டின் அரிசியை வைத்து அறிவியலை மறுக்க முடியாது.

நிரைக்காரன்:
வௌவாலைத் தொட்டுவிட்டீர்கள், அதையே பேசுவோம். 1984இல் உயிரியலாளர் வில்கின்சன் கோஸ்டாரிகாவில் பார்த்து எழுதியது இது. அந்த வௌவால் இரண்டு மூன்று இரவு தொடர்ந்து பட்டினி கிடந்தால் செத்துவிடும். வயிறு நிறைந்தது, பசித்ததற்குக் கக்கிக் கொடுக்கும். சொந்தத்துக்கும் கொடுத்தது, ஒரே பொந்தில் நெடுநாள் கூடவே தங்கிய அந்நியத்துக்கும் கொடுத்தது. 2013இல் கார்ட்டரும் அவரும் சேர்ந்து செய்த ஆய்வில், யாருக்குக் கொடுக்கும் என்பதை உறவைவிட முன்பு தனக்கு யார் கொடுத்தார் என்பதே நன்றாகக் காட்டியது. மாமாவிடம் சொல்லுங்கள்.

கோயில் தெரு:
2013 ஆய்வில் இருந்தவை கூண்டு வௌவால்கள். கூண்டில் அதற்கு வேறு போக்கிடம் ஏது?

பேராக் ஆசிரியை:
ஒற்றுமை வேறு, கொடுத்து வாங்குவது வேறு, ஒரே கட்சிக்கு ஓட்டுப் போடுவது வேறு. நீங்கள் இருவரும் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

நிரைக்காரன்:
கூண்டு என்றால் லயம் மட்டும் என்ன? எங்கே போகமுடிந்தது? விடியற்காலை பேர் கூப்பிடும் பெரட்டில் அதே முகம், ஸ்டோரில் பால் நிறுக்கும்போது அதே முகம், சாயங்காலம் குழாயடியில் அதே முகம். இன்று ஏமாற்றினால் நாளை அவன் கண்ணில் விழித்தாக வேண்டும். 1980இல் அரசியல் ஆய்வாளர் ஆக்சல்ராட், ஒத்துழைப்பதா ஏமாற்றுவதா என்று இருவர் திரும்பத் திரும்ப ஆடும் ஆட்டத்தைக் கணினியில் வைத்து நடத்திய போட்டியில் வென்றது ராப்பபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரல். முதலில் நன்மை செய், பிறகு அவன் செய்ததைத் திருப்பிச் செய், அவ்வளவுதான் அது. மறுபடியும் சந்திப்போம் என்பது உறுதியாக இருந்தால்தான் அது பலிக்கும். தோட்டத்தை விற்றார்கள், நம்மை அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள், பக்கத்து வீட்டுக்காரர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறார். அறுந்தது அந்தச் சந்திப்பு. இரத்தத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

கித்தா மரம்:
தோட்டங்களைத் துண்டுதுண்டாக விற்ற துண்டாடலின்போது, 1960இல் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், நாமே கூட்டாகத் தோட்டம் வாங்கப் பத்து வெள்ளி போடச் சொன்னார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் வாங்கியது. ஜொகூரில் போட்டவனுக்குக் கெடாவில் இருந்தவன் சித்தப்பா பிள்ளையா?

கோயில் தெரு:
அது தலைவர் மேல் இருந்த நம்பிக்கை, அதை இதில் சேர்க்காதீர்கள். ஒற்றுமையைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம். கோயில் கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது எழுந்துபோனவர் நீங்கள்தானே?

கித்தா மரம்:
எழுந்துபோனேன். இரண்டு வருடக் கணக்கை இரண்டு நிமிடத்தில் வாசித்தால் உட்கார்ந்து தலையாட்ட என்னால் முடியாது. ரசீது எங்கே என்று அன்றும் கேட்டேன், இன்றும் கேட்கிறேன்.

கோயில் தெரு:
ரசீது தலைவரிடம் இருக்கிறது.

கித்தா மரம்:
தலைவர் உங்கள் சகலை.

நிரைக்காரன்:
ரசீதைப் பிறகு பாருங்கள், இங்கே வௌவாலுக்குப் பதில் வரவில்லை. அரசியலுக்கும் இரத்தத்தையே காட்டினாரே உங்கள் மாமா, இதையும் கேளுங்கள். 1974 முதல் இந்தத் தொகுதியில் வென்றுவந்த ஆளுங்கூட்டணிச் சாமிவேலுவை 2008 மார்ச்சில் இதே ஊர் தோற்கடித்து எதிரணி ஜெயக்குமாரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அன்று நானும் அப்பாவும் ஒரே மோட்டார் சைக்கிளில் ஓட்டுப்போடப் போனோம். அவர் சாமிவேலுவின் தராசுச் சின்னத்துக்குப் போட்டார், நான் போடவில்லை. திரும்பி வரும் வழியில் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே வீடு, ஒரே இரத்தம், இரண்டு ஓட்டு. மாமா என்பதற்காக அவர் சொன்ன தவற்றைத் தூக்கிப் பிடிக்காதீர்கள்.

கோயில் தெரு:
ஆமாம், மாமா என்பதற்காகத்தான் வந்தேன். அதுவே எங்கள் பக்கத்துச் சாட்சி. சொந்தம் இல்லாத யாராவது அவருக்காக இங்கே வந்தார்களா?

பேராக் ஆசிரியை:
நான் கேட்டதற்கு யாருமே பதில் சொல்லவில்லை.

நிரைக்காரன்:
கைதட்டியவர்கள் அத்தனை பேரும் உங்கள் சொந்தமா? என் அம்மா தெலுங்கு அம்மாவின் நிரையை வெட்டியபோது எட்டில் ஒரு பங்கு என்று கணக்குப் பார்த்தா மரத்தில் கத்தியை வைத்தார்? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கோயில் தெரு:
கூண்டு வௌவாலை வைத்து என்னிடம் பேசாதீர்கள்.

நிரைக்காரன்:
1984இல் கோஸ்டாரிகாவில் பார்த்தது காட்டு வௌவாலை. மேலே எழுதியிருக்கிறேன், மறுபடியும் படியுங்கள்.